பத்மநாபனின் அறுபது விநாடி

ஞாயிற்றுக்கிழமை பகல் ரேடியோவில் செய்திக்கு முன்னால் ‘பீப், பீப்’ என்று ஒலிக்கும் பாருங்கள், அதற்காகப் பத்மநாபன் கைக்கடிகாரத்தின் குமிழை நகத்தால் வெளியே இழுத்துப் பிடித்தபடி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசி ‘பீப்’ கொஞ்சம் நீளமாக வரும். அதில் குமிழை உள்ளே அமுக்குவார். விநாடி முள் பன்னிரண்டிலிருந்து கிளம்பும். அது ஒரு சுற்று முழுதாக வந்து சேரும்வரை அந்த வீட்டில் யாரும் பேசக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது. தெருவில் மீன்காரன் கூவினால்கூட அவருக்கு முகம் சுளிக்கும்.

“ஏன்னா, குக்கர் விசில் வரப்போறது. அதையும் வாயப் பொத்திக்கோன்னு சொல்லட்டுமா?” என்பாள் அவர் மனைவி சௌந்தரம். முப்பது வருஷமாகக் கேட்கிற கேள்வி. பதில் வராது என்று அவளுக்கும் தெரியும்.

இவ்வளவு ஆர்ப்பாட்டமும் எதற்கென்றால், மூன்று மணிக்குக் கட்சிக் கூட்டம். கூட்டம் தொடங்கியதும் முதலில் இரங்கல் தீர்மானம் வாசிப்பார்கள். பிறகு எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். அந்த நிமிடம் எப்போது முடிகிறது என்று சொல்ல வேண்டியவர் பத்மநாபன். ஐம்பத்தொன்பதும் கிடையாது, அறுபத்தொன்றும் கிடையாது. “தொன்னோபாத், கம்ரேட்” என்று அவர் வங்காளியில் நன்றி சொன்ன பிறகுதான் நாற்காலிகள் இழுபடும்.

கட்சியின் பெயர் ஸ்ரமிக் சாம்ய தள், தமிழில் சொன்னால் தொழிலாளர் சமத்துவக் கட்சி. கேள்விப்பட்டதே இல்லையே என்பீர்கள். கொல்கத்தாவிலேயே முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டதில்லை, நீங்கள் வருத்தப்பட வேண்டாம். எழுபதுகளின் தொடக்கத்தில் டிராம் தொழிலாளிகள் சிலரும், கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய காலனிக்காரர்கள் சிலரும் சேர்ந்து ஆரம்பித்தது. டாலிகஞ்ச் டிராம் டிப்போவுக்குப் பின்னால், ஒரு ஹோமியோபதி மருந்துக்கடையின் மாடியில் அலுவலகம். புரட்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கீழேயிருந்து மருந்து வாசனை இனிப்பாக மேலே ஏறி வரும். குளிர்காலப் பகலில், ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து விழ, அந்த வாசனையும் தூரத்து டிராம் மணியும் சேர்ந்தால் ஆளுக்குக் கண்ணைச் சொருகும். அங்கே பல முக்கியமான முடிவுகள் அரைத்தூக்கத்தில் எடுக்கப்பட்டவை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பத்மநாபன் டல்ஹௌசியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா ரயில்வேயில் வேலையாக இருந்தார், வளர்ந்தது கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில். அறுபத்திரண்டு வயது. ஒல்லி. இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, தோளில் ஜோல்னாப் பை. கட்சியில் அவரைப் ‘பொத்தோதா’ என்பார்கள். வங்காளி வாயில் பத்மநாபன் ‘பொத்தோநாபோ’ ஆகி, அதோடு அண்ணா என்கிற ‘தா’வும் ஒட்டிக்கொண்டு அப்படி ஆனது. மேடையில் பேச மாட்டார். ஊர்வலத்தில் கோஷம் போட்டால் இருமல் வரும். ஆனால் சுருக்கெழுத்தில் புலி. கட்சியில் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பது வரிக்கு வரி அவர் நோட்டில் இருக்கிறது. அதனால் தலைவர்களுக்கெல்லாம் அவரைக் கண்டால் கொஞ்சம் பயம்.

இரங்கல் தீர்மானம் எழுதுவதும் அவர்தான். வங்காளத்து இடதுசாரிகளுக்கு அது ஒரு சடங்கு மாதிரி, அதில் குறை வைக்க மாட்டார்கள். முதலில் உலக அளவில் மறைந்தவர்கள், அப்புறம் தேசம், அப்புறம் மாநிலம், அப்புறம் கட்சித் தோழர்கள், கடைசியில் புயல், வெள்ளம், படகு விபத்தில் இறந்த பொதுமக்கள். நடுவில் ஒரு கால்பந்து ஆட்டக்காரரோ நாடக நடிகரோ தவறாமல் வருவார். தொண்ணூற்றொன்று டிசம்பரில் மாஸ்கோவில் செங்கொடியை இறக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்ததும், ஒரு நாட்டுக்கு இரங்கல் தீர்மானம் போடலாமா என்று நாலு மணி நேரம் விவாதம் நடந்தது. இறந்தது இன்னும் உறுதியாகவில்லை என்று சொல்லி ஒத்திவைத்தார்கள். இன்றுவரை அது ஒத்திவைப்பில்தான் இருக்கிறது.

இந்த விஷயத்தில் பத்மநாபன் சறுக்கியது ஒரே ஒரு தடவை. புருலியாவிலிருந்து போனில் வந்த செய்தியை நம்பி, தோழர் அபனி மாஹாதோவின் பெயரைத் தீர்மானத்தில் சேர்த்துவிட்டார். இறந்தது அபனியின் அண்ணன். தீர்மானம் வாசித்து முடித்து எல்லோரும் எழுந்து நிற்கிற சமயம், ரயில் தாமதமாகி வந்த அபனி படியேறி உள்ளே நுழைந்தார். கட்டுப்பாடான மனிதர். எல்லோரும் நிற்பதைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். அறுபது விநாடி முடிந்ததும் பக்கத்திலிருந்த பத்மநாபனிடம், “யார் போனது, கம்ரேட்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நீங்கதான்,” என்றார் பத்மநாபன். வேறு என்ன சொல்வது!

அடுத்த கூட்டத்தில் ‘முந்தைய இரங்கல் வருத்தத்துடன் திரும்பப் பெறப்படுகிறது’ என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். அபனி அதிலிருந்து யாருக்கும் அடங்குவதில்லை. எதைக் கேட்டாலும், செத்தவன் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது என்பார்.

கடிகார வேலை பத்மநாபனுக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் கோபுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவரும் கார்டன் ரீச்சில் ஒரே வரிசை வீடு. கோபு ஒரு வயது பெரியவர். பனிமூட்டமான காலையில் ஆற்றில் கப்பல் ஊதும்போது, அது எந்த நாட்டுக் கப்பல் என்று சத்தத்தை வைத்தே சொல்வதாகக் கோபு புளுகுவார், பத்மநாபன் நம்புவார். அதே கம்பெனியில் வேலை. அதே கட்சி. கோபு பேச்சாளி. வங்காளிகளே வாயைப் பிளக்கிற மாதிரி வங்காளி பேசுவார். டாலிகஞ்ச் மாடி அறையைத் தேடிப் பிடித்தது அவர், வாசலில் தொங்கும் பலகையில் சிவப்பு எழுத்தை எழுதியதும் அவர். அந்த நாளில் தலைவர் மனசுக்குத் தோன்றியபடி மௌனம் நடக்கும். ஒரு நாள் இருபது விநாடி, ஒரு நாள் மூன்று நிமிடம். கோபுதான் எழுந்து சொன்னார், அப்புறம் பத்மநாபன் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்: “ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷம் இருக்கணும்டா. செத்தவாளைப் போய் ஏமாத்தறதா? டேய் பத்மநாபா, கடிகாரம் உன் கையில இருக்கு. நீ சொல்லு, நாங்க உக்காந்துக்கறோம்.”

அன்றிலிருந்து பத்மநாபன் சொல்கிறார், அவர்கள் உட்கார்கிறார்கள். கண் முள்ளின் மேலேயே இருக்கும். ஆனால் ஆள் அங்கே இருக்க மாட்டார். முதல் பத்து விநாடி மருந்து வாசனையில் இருப்பார். அப்புறம் எங்கோ கிளம்பிவிடுவார். ஆற்றங்கரை, வேப்பமரம், அப்பாவின் ஈரக் குடை, டல்ஹௌசியில் மழைக்கு ஒதுங்கிய ஒரு மாலை, சௌந்தரம் முதல்முதலாக ஹௌராவில் வந்து இறங்கிப் பாலத்தைப் பார்த்து “அம்மாடி!” என்று நின்றது. ஐம்பத்தைந்தாவது விநாடிக்குத் திரும்பி வந்துவிடுவார். ஒரு நிமிடத்தில் எவ்வளவு தூரம் போய்விட்டு வரலாம் என்பது யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும் என்று ஒரு தரம் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போதே எங்கோ போய்க்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றிநாலில் கட்சி உடைந்தது. அடுத்த வருஷம் மாநகராட்சித் தேர்தல். ஆளும் கூட்டணியில் சேர்ந்தால் ஒரு வார்டு தருகிறோம் என்று பெரிய கட்சியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். கோபு சேரலாம் என்றார். “கொள்கையைக் குடத்துல பிடிச்சுண்டு போக முடியாதுடா. ஒரு சீட் கெடைச்சா காலனிக்குத் தண்ணிக் குழாய் வரும்,” என்றார். பொதுச் செயலாளர் நிர்மல்தா கூடவே கூடாது என்றார். மூன்று நாள் மாநாடு. முடிவில் கோபுவையும் அவர் பக்கத்து ஒன்பது பேரையும் வெளியேற்றுவதாகத் தீர்மானம். அதில் ‘கட்சித் துரோகி’ என்ற வார்த்தை வந்தது. டைப் அடித்தவர் யார்? கட்சியில் ஒரே ஒரு ஸ்டெனோதானே உண்டு.

மறுநாள் காலை கம்பெனி லிஃப்டில் இருவரும் சந்தித்தார்கள். கோபு அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். “ஒரு தப்புகூட இல்லடா டைப்பிங்ல,” என்றார். லிஃப்ட் நின்றது, இறங்கிப் போய்விட்டார். பத்மநாபனிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அடுத்த மாதமே வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார்.

தேர்தலில் கோபு நின்றார், தோற்றார். ஆனாலும் காலனிக்குக் குழாய் வந்தது. அவர் கோஷ்டி கொஞ்ச வருஷம் பழைய கட்சிப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயரை வைத்துக்கொண்டு நடமாடிவிட்டு, இரண்டாயிரத்து ஒன்றில் பெரிய கட்சியில் கரைந்து போயிற்று. இந்தப் பக்கம் நிர்மல்தாவின் கட்சியும் ஒன்றும் கொடி கட்டிப் பறக்கவில்லை. கமிட்டியில் பதினோரு பேர். அதில் இரண்டு பேருக்குக் காது கேட்காது. “உங்க கட்சியைவிட லேக் மார்க்கெட் பஜனைக் கோஷ்டில ஜாஸ்தி பேர் இருக்கா, தெரியுமோ?” என்று சௌந்தரம் கேட்டாள். நிஜம்தான். ஆனாலும் மனிதர் ஒரு ஞாயிறு தவறவில்லை.

புருஷர்கள் பேசாவிட்டால் என்ன, பெண்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். லேக் மார்க்கெட்டில் கோபுவின் மனைவி காமுவும் சௌந்தரமும் வாழையிலைக் கடை முன்னால் நின்று இரண்டு குடும்பத்துச் செய்தியையும் மாற்றிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து சௌந்தரம் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்வாள், கோபுவுக்குச் சர்க்கரையாம், கோபுவுக்குக் கண் ஆபரேஷனாம் என்று. பத்மநாபன் பேப்பரை விலக்க மாட்டார். பக்கமும் திருப்ப மாட்டார்.

இரண்டாயிரத்து ஏழில் ஓர் அதிசயம் நடந்தது. ஆளும் கூட்டணி தொழிற்சாலைக்காக விவசாய நிலம் எடுக்கிற விவகாரத்தில் ஊரே கொதித்தபோது, ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கும்பலாக வந்து கட்சியில் சேர்ந்தார்கள். அறுபது, எழுபது பேர். மாடிப்படி முழுக்கச் செருப்பு. கம்ப்யூட்டர் வந்தது, புது நாற்காலி வந்தது. ஆராய்ச்சி மாணவி சுதேஷ்ணா கமிட்டிக்கே வந்துவிட்டாள். பதின்மூன்று வருஷமாகக் காய்ந்து கிடந்த நிர்மல்தாவுக்கு முகத்தில் ரத்தம் ஊறியது. பார்த்தீர்களா, அன்றைக்கே கூட்டணியில் சேராமல் நின்றது எவ்வளவு சரி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கட்சி வளர வளர, அந்தத் தொண்ணூற்றிநாலு தீர்மானம் வேதமாகிவிட்டது.

மறு வருஷம் ஜனவரியில், பனி இறங்கிய ஒரு காலையில் சௌந்தரம் போனை வைத்துவிட்டு வந்தாள். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. “ஏன்னா, கோபு போயிட்டார்,” என்றாள்.

இடதுசாரித் தோழர் ஒருவர் இறந்தால் உடம்பின் மேல் கட்சிக் கொடியைப் போர்த்துவார்கள். கேவ்ராதலா சுடுகாட்டில் கோபு வெறும் வெள்ளைத் துணியோடு கிடந்தார். பெரிய கட்சியிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நாலைந்து வருஷமாகக் கார்டைப் புதுப்பிக்காதவர் எங்கள் ஆளே இல்லை என்றார்களாம். பத்மநாபனின் ஜோல்னாப் பையில் ஒரு செங்கொடி மடித்து இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது என்னத்துக்கு எடுத்து வைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. கை உள்ளே போயிற்று, துணியைத் தொட்டது. கமிட்டியின் அனுமதி இல்லாமல் கொடி போர்த்தக் கூடாது. கை வெறுமனே வெளியே வந்தது. பாவி, அந்த ஒரு நாளைக்காவது விதியை மறந்திருக்கலாம். அவருக்கு மறக்கத் தெரியாது.

பத்தாம் நாள் ஜாதவ்பூரில் கோபு வீட்டுக்குப் போனார். காமு வாசலிலேயே நின்று பேசினாள். அழவில்லை.

“தெனம் பேப்பர்ல யாராவது செத்துப்போன சேதி வந்தா, இது பத்மநாபன் லிஸ்ட்ல வரும்பார். ஒரு நாள் சிரிச்சுண்டே கேட்டார், நான் போனா என்னை எங்கடி போடுவான், கால்பந்துக்காரனுக்கு முன்னாடியா, வெள்ளத்துல போனவாளுக்கு அப்புறமான்னு. நீங்க ஒரு தரம் அவர் பேரை அங்க சொல்லுங்கோ. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

“சொல்றேன் மன்னி,” என்றார் பத்மநாபன். வாழ்க்கையில் கமிட்டியைக் கேட்காமல் அவர் கொடுத்த முதல் வாக்கு அது.

பிப்ரவரி மாதம் இரண்டாவது ஞாயிறு. வழக்கம்போல ரேடியோவில் நேரம் வைத்துக்கொண்டு, சௌந்தரம் போட்ட காபியைப் பாதியில் விட்டுவிட்டு, இரண்டரைக்கே மாடியேறினார். கூட்டத்துக்கு முன்பே கமிட்டி கூடியிருந்தது; நிர்மல்தா இரங்கல் தீர்மானத்தின் நகலை வாங்கிப் படித்தார். ஒரு வெளிநாட்டுக் கவிஞர், ஒரு தபேலா வித்வான், ஒரு பழைய கோல்கீப்பர், கட்சியின் சுந்தரவனத் தோழர் ஒருவர், படகு கவிழ்ந்து இறந்த பதினேழு பேர். சுந்தரவனத் தோழருக்கும் படகுக்கும் நடுவில் கோபு. நிர்மல்தா சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

“பொத்தோதா, இது தனி மனிதரின் விஷயம் இல்லை. கட்சி நிலைப்பாட்டு விஷயம். அவர் யார் என்று நீங்களே டைப் அடித்திருக்கிறீர்கள்.”

“ஓட்டுக்கு விடுங்கள்,” என்றார் பத்மநாபன். கமிட்டியே நிமிர்ந்து பார்த்தது. நோட்டிலிருந்து அவர் தலையைத் தூக்கிப் பேசி யாரும் கேட்டதில்லை.

“கோபுதா யார்?” என்று கேட்டாள் சுதேஷ்ணா.

பத்மநாபன் நோட்டை மூடினார். கையை நீட்டி வாசல் பக்கம் காட்டினார். “அந்தப் பலகை எழுதினது அவன். இந்த ரூம் கண்டுபிடிச்சது அவன். நான் இங்கே வந்தது அவன் பின்னாலேதான்,” என்றார். வங்காளியில் ஆரம்பித்தது தமிழில் முடிந்துவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. சுதேஷ்ணா வாசலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஓட்டெடுப்பு நடந்தது. பெயர் வேண்டும் என்று இரண்டு கை. ஒன்று பத்மநாபனுடையது. இன்னொன்று அபனி மாஹாதோ. “செத்தவனுக்கும் ஓட்டு உண்டென்றால் என் ஓட்டு கோபுவுக்கு,” என்றார் அபனி. சுதேஷ்ணா இரண்டு பக்கமும் கை தூக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். தீர்மானம் தோற்றது என்று பத்மநாபனே சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டார்.

மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கியது. அறையில் இடமில்லாமல் பிள்ளைகள் படிக்கட்டு வரை நின்றார்கள். பத்மநாபன் தீர்மானத்தை வாசித்தார். கவிஞர், தபேலா, கோல்கீப்பர். சுந்தரவனத் தோழர். அங்கே ஒரு மூச்சு நின்றார். அப்புறம் படகு, பதினேழு பேர். எல்லோரும் எழுந்தார்கள். அவர் இடது கையை மடக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். முள் பன்னிரண்டைத் தொட்டுக் கிளம்பியது.

பத்து விநாடி மருந்து வாசனை. அப்புறம் ஆற்றில் பனி. எங்கோ கப்பல் ஊதுகிறது. வரிசை வீட்டு மாடியில் கோபு காதைச் சாய்த்துக் கேட்கிறார். நார்வேடா, என்கிறார். எப்படித் தெரியும், என்கிறார் பத்மநாபன். அதெல்லாம் தெரியும்டா. டல்ஹௌசியில் மழை. லிஃப்டின் கிராதிக் கதவு மூடுகிறது, உள்ளே கோபு, சட்டைப் பையில் மடித்த காகிதம். வெள்ளைத் துணி. பைக்குள் கை. துணி விரலில் படுகிறது.

ஐம்பத்தைந்தில் வழக்கம்போலத் திரும்பி வந்தார். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. முள் பன்னிரண்டைத் தொட்டது. தாண்டியது.

பத்மநாபன் வாய் திறக்கவில்லை.

ஒரு நாற்காலி கிரீச்சிட்டது, அதை இழுத்தவர் மறுபடி விறைத்து நின்றார். யாரோ இருமினார்கள். கீழே டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு டிப்போவுக்குள் திரும்பிற்று. நிர்மல்தா தலையைத் தூக்கிப் பொத்தோதாவைப் பார்த்தார். அவர் சொல்லாமல் எப்படி உட்காருவது? முப்பது வருஷத்தில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை. சுதேஷ்ணாவும் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, இந்தத் தடவை இன்னும் ஆழமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். படிக்கட்டில் நின்ற பிள்ளைகள் யாருக்காக என்று தெரியாமலே நின்றார்கள்.

பத்மநாபன் வலது கையை எடுத்து, கடிகாரத்தின் மேல் வைத்து மூடிக்கொண்டார்.